படகுக்கு எண் உண்டு, பாடுபடுகிறவனுக்கு?

விசைப்படகு ஒன்று கடலில் போகிறது என்றால் அதற்கு அடையாளம் அணியத்தில் எழுதியிருக்கும் எண்தான். ஐ.என்.டி. என்று தொடங்கும். அடுத்து மாநிலத்தின் எழுத்து: தமிழ்நாட்டுக்கு டி.என்., கேரளத்துக்கு கே.எல்., மராட்டியத்துக்கு எம்.எச். அதற்குப் பிறகு மாவட்ட எண், படகின் வகை, கடைசியில் வரிசை எண். இராமேசுவரத்துப் படகானால் டி.என். 10 என்று வரும். இந்த எண்ணை எழுதிக் கொடுப்பது மாநில மீன்துறை அலுவலகம். ஆனால் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசின் சட்டத்திலிருந்து வந்தது. கரையில் நிற்பவன் மாநிலத்தைப் பார்க்கிறான். காகிதத்தைப் புரட்டினால் டில்லி தெரிகிறது.

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும் தோழரும், தாராவியில் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் தாயும், "படகுக்கும் நமக்கும் என்ன?" என்று இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு வாக்கு ஒரு மாநிலத்தில், வேலை ஒரு மாநிலத்தில், பிள்ளையின் சாதிச் சான்று இன்னொரு தாலுகாவில் என்று வாழ்க்கை துண்டு துண்டாகக் கிடக்கிறது. அந்தத் தொல்லை கரையோடு நிற்கவில்லை, கடலிலும் தொடர்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நம்மில் கடலில் புலம்பெயர்ந்து பிழைக்கும் ஒரு கூட்டம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று அடுத்தடுத்து எட்டு ஊர்கள். சுறாவையும் சூரையையும் தேடி ஆழ்கடலுக்குப் போவதில் இவர்களுக்கு இணையானவர்கள் இந்தியாவில் அதிகம் இல்லை. சொந்த ஊரில் பெரிய படகு கட்ட வசதியான துறைமுகம் இல்லாத காலத்திலேயே கொச்சியைத் தளமாக்கிக் கொண்டவர்கள். அங்கிருந்து மங்களூர், கோவா, இரத்தினகிரி, குஜராத்தின் வேராவல் வரை போய்வருகிறார்கள். ஒருமுறை கடலுக்குப் போனால் பத்து நாள், இருபது நாள், சில வேளை மாதத்துக்கு மேலும் ஆகும். வீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கணவன் எந்த மாநிலத்துக் கடலில் இருக்கிறான் என்பது கூடத் தெரியாது. படகின் எண் மட்டும் தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது.

இந்தப் படகுகளின் காகிதக் கதை சற்றுச் சிக்கலானது. பொறுமையாகப் படியுங்கள், பிறகு பயன்படும்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கரையோரக் கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பது மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது. 1976-ல் வந்த கடல் எல்லைச் சட்டம் அந்த எல்லையை 12 கடல் மைல் என்று வகுத்தது. அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை நாட்டின் தனிப் பொருளாதார மண்டலம். ஆக, கொச்சியில் புறப்படும் படகு முதல் இரண்டு மூன்று மணி நேரம் கேரள அரசின் கடலில் ஓடுகிறது. பிறகு மத்திய அரசின் கடலுக்குள் நுழைகிறது. திரும்பிக் கரையேறும்போது கர்நாடகமோ கோவாவோ மராட்டியமோ ஏதோ ஒரு மாநிலத்தின் கைக்குள் வந்து சேர்கிறது. மீனுக்கு இந்தக் கோடுகள் தெரியாது. அபராதம் எழுதுகிறவருக்குத் தெரியும்.

படகைப் பதிவு செய்யும் சட்டமும் இப்படித்தான் ஒட்டுப்போட்டு வளர்ந்தது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் சரக்குக் கப்பல்களையும் பயணிக் கப்பல்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மீன்பிடிப் படகுகளுக்கென்று தனிப் பகுதி ஒன்று 1983-ல் கொண்டுவந்த திருத்தத்தில்தான் சேர்ந்தது. அதற்கு முன்பே, 1972-ல் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்துக்காக வந்த சட்டமும் மீன்பிடிக் கலங்களைப் பதியச் சொன்னது. இன்னொரு பக்கம் மாநிலங்கள் தத்தம் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின: கேரளம் 1980-ல், மராட்டியம் 1981-ல், தமிழ்நாடு 1983-ல். உரிமம் கொடுப்பது மாநிலச் சட்டம், பதிவு கொடுப்பது மத்தியச் சட்டம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மவரில் ஏராளம். மாநில உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கிறது" என்று பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் உண்டு. யாரும் கேட்காததால் அது நடந்தது.

கேட்கத் தொடங்கியது 2008-க்குப் பிறகு. அந்த ஆண்டு நவம்பர் 26-ல் மும்பையைத் தாக்கியவர்கள் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அதில்தான் வந்தார்கள். அதிலிருந்து மீன்பிடிப் படகு பாதுகாப்புத் துறையின் கண்ணுக்குள் வந்துவிட்டது. மாநில மீன்துறை அதிகாரிகளையே மத்தியச் சட்டத்தின் பதிவாளர்களாக ஆக்கினார்கள். நாடு முழுதும் ஒரே முறையில் எண், மாநிலத்துக்கு ஒரு வர்ணம், மீனவருக்குக் கைரேகை அடையாள அட்டை, பதிவையும் உரிமத்தையும் கணினியில் ஏற்ற ‘ரியல்கிராஃப்ட்’ என்ற இணைய ஏற்பாடு என ஒவ்வொன்றாக வந்தன. இவற்றில் எதையும் நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பதிவேடு படகு எங்கே போகிறது, யாருடையது என்று தெரிந்துகொள்ளப் பிறந்தது. அந்தப் படகில் வேலை செய்கிறவனுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளப் பிறக்கவில்லை. அந்தப் பிறவிக் குறை இன்றைக்கும் தீரவில்லை.

இது வெறும் பேச்சில்லை. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் கேரளக் கடலுக்கு அப்பால், கரையிலிருந்து 20 கடல் மைல் தொலைவில், ‘என்ரிக்கா லெக்சி’ என்ற இத்தாலியக் கப்பலின் காவலர்கள் ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், ஒருவர் குமரி மாவட்டத்துத் தமிழர். படகின் உரிமையாளரும் குமரி மாவட்டத்துக்காரர்தான். படகு புறப்பட்டதோ கேரளத்தின் நீண்டகரையிலிருந்து. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அங்கே எழுந்த வாதங்களில் ஒன்று என்ன தெரியுமா? இந்தப் படகு 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகவில்லை, இந்தியக் கொடியும் அதில் பறக்கவில்லை என்பது! சுட்டவன் யார், செத்தவன் யார் என்ற கேள்விக்கு நடுவே படகின் காகிதம் வந்து நின்றது. மாநில அலுவலகத்தில் வாங்கிய எண் நம் கரையில் போதுமானதாக இருந்திருக்கலாம். வெளிநாட்டு அரசு ஒன்று எதிரில் நிற்கும்போது, ‘இது எந்த நாட்டுப் படகு’ என்று மத்தியச் சட்டப் பதிவைத்தான் தேடுகிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2021 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்தது. இத்தாலி கொடுத்த 10 கோடி ரூபாயில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகின் உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரிந்தது. படகில் இருந்து தப்பிய மற்றத் தொழிலாளிகள்? குண்டு அவர்கள் தலைக்கு மேலும்தான் பறந்தது. அவர்களுக்கென்று தனியாக ஒரு பங்கும் இல்லை. அவர்கள் நீதிமன்றப் படியேறிக் கேட்ட பிறகுதான் 2022 நவம்பரில், உரிமையாளரின் 2 கோடியிலிருந்து ஒன்பது மீனவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடுக்க உத்தரவாயிற்று. மீதி 1 கோடியே 55 லட்சம் உரிமையாளருக்கு. படகு என்றால் உரிமையாளர் என்று காகிதம் சொல்கிறது. வலை இழுப்பவனும் தூண்டில் போடுபவனும், "நானும் அதில் இருந்தேன்" என்று பத்து ஆண்டு கழித்துச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் 30-ல் குமரிக் கடலை அடித்த ஒக்கிப் புயலைப் பற்றி நம் வாசகருக்கு நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் மராட்டிய முதலமைச்சர் ஒரு செய்தி வெளியிட்டார்: 68 படகுகளில் 952 மீனவர்கள் சிந்துதுர்க்கம் கரைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள் என்று. அவற்றில் 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள் என்றும் சொல்லப்பட்டது. அணியத்தில் எழுதியிருந்த எழுத்தைப் பார்த்து எண்ணினால் அப்படித்தான் வரும். ஆனால் கே.எல். என்று எழுதிய படகில் இருப்பவரெல்லாம் கேரளத்தவர் என்று யார் சொன்னது? கொச்சித் துறைமுகத்தில் ஒரு நாள் காலையில் போய் நின்று காதைக் கொடுத்தாலே போதும்; கே.எல். படகிலிருந்து குமரித் தமிழ் கேட்கும். அன்றைக்கு வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் கோயில் முற்றத்தில் காத்துக் கிடந்த பெண்கள், "தமிழ்நாட்டுப் படகு இரண்டு" என்ற செய்தியைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்கள்? காணாமல் போனவர் எத்தனை பேர் என்ற கணக்கு நாளுக்கு நாள் மாறியது. அரசு சொன்ன எண்ணும் ஊர்ப் பங்குத்தந்தைகள் வீடு வீடாகப் போய் எழுதிய எண்ணும் ஒத்துவரவில்லை. படகுக்குப் பதிவேடு இருந்தது. படகுக்குள் யார் இருந்தார்கள் என்பதற்கு நம்பத்தகுந்த ஏடு இல்லை. அந்த ஏட்டைப் பங்குத்தந்தைகளும் ஊர்ப் பெண்களும் கண்ணீரோடு உட்கார்ந்து தயாரிக்க வேண்டி வந்தது.

உடல் கிடைக்காத சாவு சட்டத்துக்குச் சாவு ஆகாது. ஏழு ஆண்டு ஒருவனைப் பற்றிச் செய்தி இல்லாவிட்டால்தான் அவன் இறந்ததாகக் கொள்ளலாம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 111-ஆம் பிரிவு. எண் மாறியிருக்கிறது, ஏழு மாறவில்லை. ஒக்கிக்குப் பிறகு இரு மாநில அரசுகளும் அந்த ஏழு ஆண்டுக் காத்திருப்பைத் தளர்த்திக் குடும்பத்துக்கு 20 லட்சம் வீதம் கொடுத்தன. நாடே பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்த பெருந்துயரம் அது, அதனால் தளர்த்தினார்கள். தனியாக ஒரு படகு கவிழ்ந்து இரண்டு பேர் காணாமல் போனால் எந்த அமைச்சரும் கரைக்கு வருவதில்லை. அப்போது அந்த மனைவி, கணவன் அந்தப் படகில் அன்றைக்கு இருந்தான் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு? படகு கேரளத்துப் பதிவு. அவன் தமிழ்நாட்டு மீனவர் நலவாரிய உறுப்பினன். விபத்து நடந்தது கர்நாடகத்துக்கு நேரே. இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும். மத்திய அரசின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் சாவுக்கு 5 லட்சம் உண்டு. மீனவன் தன் கையிலிருந்து தவணை கட்ட வேண்டியதும் இல்லை. நல்ல திட்டம்தான். அதைக் கேட்டுப் போகிறவள் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டுமே!

இனி நம் வீட்டுப் பக்கமும் திரும்புவோம். அரசை மட்டும் பேசி முடித்தால் பாதிதான் பேசியதாக ஆகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழு குடும்பத்தார் சேர்ந்து நம் சங்கத்துக்கு வந்தார்கள். நகையை அடகு வைத்தும், மீன் தரகரிடம் முன்பணம் வாங்கியும், ஒரு துறைமுகத்தில் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கியிருந்தார்கள். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பணத்தையும் எண்ணிக் கொடுத்தார்கள். பதிவுச் சான்றில் மட்டும் பெயர் மாற்றவில்லை. "யார் பேரில இருந்தா என்னண்ணே, ஓட்டுறது நாமதானே" என்று விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டு ஓடியது. பழைய உரிமையாளர் இறந்தார். அவருடைய பிள்ளைகள் வந்து, "அப்பா பெயரில் இருக்கும் படகு எங்களுடையது, வாடகைக்குத்தான் உங்களிடம் கொடுத்தார்" என்றார்கள். அதுவரை டீசல் வரிச் சலுகையும் சான்றில் இருந்த பெயருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் இவர்களுக்குத் தெரிந்தது. பதிவு அலுவலகத்தில் போய்க் கேட்டால், "எங்கள் ஏட்டில் உங்கள் பெயர் எதுவும் இல்லையே" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஏழு குடும்பத்தின் தாலிக்கொடியை விழுங்கிய படகு, ஏட்டில் இன்னொருவருடையது.

ஏன் பெயர் மாற்றவில்லை என்று கேட்டால் காரணங்களை அடுக்குவார்கள். அந்த மாநிலத்தில் பதிய வேண்டுமானால் அங்கே குடியிருப்புச் சான்று கேட்கிறார்கள், நமக்கோ வாடகை அறைக்கு ரசீதுகூட இல்லை. தமிழ்நாட்டுக்கு மாற்றலாம் என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படகை இங்கே கொண்டுவந்து காட்ட வேண்டும், அத்தனை நாள் தொழில் போகும். மாற்றிவிட்டால் பிறகு அதே துறைமுகத்தில் ‘வெளிமாநிலப் படகு’ என்ற பார்வை, தனிக் கட்டணம், ஏலத்தில் கடைசி இடம். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தத் தொல்லைகளுக்காகவே சிலர் உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரை இரவல் வாங்குகிறார்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை ஊரில் சொல்வார்கள். இங்கே எறிவது கந்தையில்லை, இருபது முப்பது லட்சம் பெறும் சொத்து.

"பதிவு பதிவென்று எதற்கு ஓட வேண்டும்? நம்மைக் கண்காணிக்கத்தானே கேட்கிறார்கள்" என்று வாதாடும் இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் ஐயத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. கடலோரக் காவல்படையும் மீன்துறையும் போலீசும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒரே காகிதத்தைக் கேட்டு அலைக்கழிப்பது உண்மை. ஆனால் பதிவு செய்யாமல் இருப்பதால் கண்காணிப்பு குறைந்ததாக நாம் பார்த்ததில்லை, மிரட்டல்தான் கூடியிருக்கிறது. காகிதம் இல்லாதவனிடம்தான் கை நீளும். பாக் நீரிணையில் பிடிபடும் படகுகளைப் பாருங்கள். ஆட்களை விடுவித்தாலும், படகுக்கு உரிமையாளர் ஆவணங்களோடு நேரில் வர வேண்டும் என்று இலங்கை நீதிமன்றங்கள் சொல்கின்றன. 2018-ல் அந்நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையாயிற்று. சான்றில் இரவல் பெயர் இருந்தால் யார் போய் நிற்பது? பெயர் கொடுத்தவருக்குப் படகில் ஒரு பலகைகூடச் சொந்தமில்லை. அவர் ஏன் யாழ்ப்பாணத்துக்குப் போகப் போகிறார்?

இப்போது இதைச் சொல்வதற்கு ஒரு அவசரமும் இருக்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு தனிப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்கான விதிகளை வெளியிட்டது. அதன்படி 12 கடல் மைலுக்கு அப்பால் போகும் விசைப்படகுகள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, மரபுவழி மீனவரின் சிறு படகுகளுக்கு விலக்கு உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீன் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் ஆழ்கடலில் முன்னுரிமை என்றும் சொல்கிறார்கள். சீட்டைப் பெறுவது அந்த ‘ரியல்கிராஃப்ட்’ ஏற்பாட்டின் வழியாகத்தான். பதிவேட்டில் யார் பெயரோ, அவர் வழியாகத்தான் சீட்டு என்று ஆகிறது. இதுவரை இரவல் பெயரில் ஓடிய படகு ஆழ்கடலுக்குப் போக இரவல் கொடுத்தவரின் தயவை நாட வேண்டும். அவர் இன்றைக்கு ஒரு விலை சொல்வார், நாளைக்கு ஒரு விலை சொல்வார்.

ஆகவே படகில் பங்கு உள்ளவர்கள் எல்லோரும் சான்றில் இடம்பெற வேண்டும் என்கிறோம். ஒரு கப்பலின் உடைமையைப் பத்துப் பங்காகப் பிரித்துப் பதியலாம் என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய கப்பல் முதலாளிகளுக்கு வழி செய்து வைத்திருந்தது. பங்கு போட்டுத் தொழில் செய்வது தூத்தூர்க்காரனுக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம். கடலில் கிடைத்த மீனைப் பங்கு வைக்கத் தெரிந்தவனுக்குக் காகிதத்தில் பங்கு வைக்கவும் வழி வேண்டும். ஏழு பேர், பத்துப் பேர் சேர்ந்தால் சிறிய கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொண்டு சங்கத்தின் பெயரிலேயே படகை எழுதலாம். புதிய விதிகள் கூட்டுறவுக்கு முன்னுரிமை என்று சொல்லும்போது, பெரிய முதலாளி பொம்மைக் கூட்டுறவு அமைத்து அதை அள்ளிக்கொண்டு போகுமுன் உண்மையான பங்காளிகள் முந்திக்கொள்வது நல்லது.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. தமிழ்நாட்டில் பதிந்த லாரி தேசிய பர்மிட் வாங்கிக்கொண்டு காசுமீர் வரை ஓடுகிறது. வழியில் எந்த மாநிலமும் அதை அந்நியன் என்று நிறுத்துவதில்லை. மத்தியச் சட்டத்தில் பதிந்து, மத்திய அரசின் சீட்டையும் வாங்கிய படகு மட்டும் ஒவ்வொரு துறைமுகத்திலும் ‘வெளிமாநிலம்’ ஆவது எந்த நியாயம்? பதிவுக்கு நாடு ஒன்று, பிடிக்கும்போது மட்டும் நாடு பலவா? பதிவு செய்யும் இடத்தில் குடியிருப்புச் சான்று கேட்கும் அலுவலகம், தொழில் செய்யும் துறைமுகத்தின் சான்றை ஏற்றுக்கொள்ளட்டும். மாநிலங்களின் உரிமையை நாம் குறைக்கச் சொல்லவில்லை. 12 கடல் மைலுக்குள் மீனைக் காப்பதும் சிறு மீனவனைக் காப்பதும் மாநிலத்தின் வேலை, அது அதனிடமே இருக்க வேண்டும். அதற்கு அப்பால் போய்வருகிறவனைக் கரையில் இருவேறு கண்ணால் பார்க்காதிருந்தால் போதும்.

மற்றது இதைவிட முக்கியம். பதிவு எண்ணோடு ஆள் பட்டியலும் சேர வேண்டும். ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் படகில் ஏறிய ஒவ்வொருவரின் பெயரும், ஊரும், மீனவர் அட்டை எண்ணும், வீட்டில் செய்தி சொல்ல வேண்டியவரின் தொலைபேசியும் அந்த எண்ணின் கீழே ஏற வேண்டும். கரையில் ஒரு நகல் இருக்க வேண்டும். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு முறை, சில இடத்தில் டோக்கன், சில இடத்தில் வெறும் நோட்டுப் புத்தகம், சில இடத்தில் ஒன்றுமே இல்லை என்ற நிலை போக வேண்டும். 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் படகுகளுக்குச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மராட்டியத்தின் பால்கரில் தொடங்கி வைத்தார். படகு எங்கே இருக்கிறது என்று வானத்திலிருந்து பார்க்க முடிகிற அரசுக்கு, அதில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி வைக்க முடியாதா? அந்தப் பட்டியல் இருந்தால் விபத்து நடந்த மறுநாளே, இவர் இந்தப் படகில் இருந்தார் என்பதற்கு அரசின் ஏடே சாட்சி. காப்பீட்டுக்கும் நலவாரியத்துக்கும் அதையே சான்றாக ஏற்க வேண்டும். எந்த மாநிலத்துப் படகு, எந்த மாநிலத்து ஆள் என்ற கேள்வி அதோடு ஒழிய வேண்டும். படகு முதலாளிகளில் சிலர் இதை விரும்ப மாட்டார்கள். பெயர் ஏறினால் பொறுப்பும் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் தமிழரும் உண்டு. தமிழர் என்பதற்காக அவர்களுக்கு விலக்குக் கேட்க நாம் தயாரில்லை.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். பெண்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுச் சான்று, உரிமம், காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் படகின் வீல்அவுசில் செருகி வைப்பது நம்மவர் வழக்கம். சோதனைக்கு வருகிறவரிடம் காட்ட வேண்டுமே என்பதற்காக. படகு போனால் அதுவும் சேர்ந்தே போகிறது. நகல் ஒன்று வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்க வேண்டும். படகின் எண்ணையும் உரிமையாளரின் பெயரையும் கூட வேலை செய்யும் நாலு பேரின் பெயரையும் பிள்ளையின் பள்ளி நோட்டில் எழுதி வையுங்கள். கணவன் படகு மாறினால் எண் மாறும். கேட்டு மாற்றி எழுதுங்கள். "அதெல்லாம் உனக்கு எதற்கு" என்று சொல்கிற கணவனிடம், எனக்குத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள், பங்காளிகள் எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்கார வைக்க முடிகிற காலம் அதுதான். பெயர் மாற்றம் செய்யாத படகு வைத்திருப்பவர்கள் விற்பனைத் தாள், பழைய பதிவுச் சான்று, இயந்திரம் வாங்கிய ரசீது, பங்காளிகளின் அடையாள அட்டைகள் ஆகியவற்றோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுதவும், கணினியில் ஏற்றவும், தேவைப்பட்டால் பதிவு அலுவலகத்துக்குக் கூட வரவும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோழர்கள் இருப்பார்கள். ஆள் பட்டியல் கோரும் மனுவில் கையெழுத்து வாங்கும் வேலையும் அப்போதே தொடங்கும். கடலுக்குப் போகாத குடும்பங்களும் வந்து கையெழுத்திடலாம்.